தளிர் ஊசி போடாதவள்

மகிழினியின் மோவாயில் முளைக்கும் முடியைப் பார்த்து இன்னொரு பெண் பொறாமைப்படுவாள் என்று சில வருஷங்களுக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு புருவத்தையும் சுத்தமாக வழித்து அனுப்பியிருப்பாள்.

ஆனால் அதுதான் நடந்தது. தென்காசி பஜாரில் அவள் நடத்தும் 'மகிழ் அழகு நிலைய'த்துக்குப் புருவம் திருத்த வந்த ஒரு பெண், கண்ணாடி வழியாக மகிழினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். பளிங்கு மாதிரி முகம், ஒரு பரு கிடையாது. மகிழினி அன்று காலையில் சவரம் செய்யச் சோம்பல்பட்டு அப்படியே கடைக்கு வந்திருந்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தளிர் ஊசி போடலியா?"

"போடல."

"கொடுத்து வச்சவங்க" என்றாள் அந்தப் பெண். கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த மகிழினிக்கு என்ன முகபாவம் காட்டுவது என்றே தெரியவில்லை. நாற்பத்தொரு வயது வரைக்கும் பரிதாபத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவள் அவள். பொறாமைக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு காலத்தில் சினைப்பை நீர்க்கட்டி என்பது வீட்டுக்கு வீடு இருந்த சங்கதி. மாதவிலக்கு நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் நாலு மாதம் எட்டிப் பார்க்காது. முகமெல்லாம் பரு, மோவாயில் முடி, பட்டினி கிடந்தாலும் இறங்காத எடை. கல்யாணமானால் பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைச்சல். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருகிறது, அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் வருகிறது என்பது ஊருக்கே தெரியும். விஞ்ஞானிகள் அதற்குக் காரணமான மரபணுக்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே அகப்பட்டது. அந்தக் கூட்டத்தை மொத்தமாகத் தூங்கவைக்கும் மருந்துதான் தளிர் ஊசி. வாழ்நாளில் ஒரே தடவைதான். ஆனால் பெண் வயசுக்கு வருவதற்கு முன்னால் போட்டால்தான் பிடிக்கும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து போட்டார்கள்.

பலன் பிரமாதம். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு மாதவிலக்கு காலண்டர் பார்த்து வந்தது. முகம் துலங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள், ஜாதகத்தைக் கேட்கும் முன்பே ஊசி போட்டாச்சா என்று கேட்டார்கள். வருத்தப்பட்டது அழகு நிலையக்காரிகள் மட்டும்தான். மோவாய் முடி, மீசை முடி என்று வருகிறவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் மகிழினி தினமும் அந்த வேலை பார்த்த ஒரே முகம் அவளுடைய முகம்தான்.

அப்புறம் ஊசி போட்ட முதல் தலைமுறைக்கு முப்பது தாண்டியது. ஒவ்வொருத்திக்காக மாதவிலக்கு நின்றுபோனது. வேலை டென்ஷன் என்றார்கள், சாப்பாட்டில் கலப்படம் என்றார்கள். பிறகு ஊசிதான் காரணம் என்ற உண்மை வெளியே வந்தது. ஊர் தலைகீழானது. ஊசி போடாமல் தப்பியவள் எங்கே இருக்கிறாள் என்று வலை வீசித் தேட ஆரம்பித்தார்கள்.

மகிழினியின் தங்கை தன்ஷிகா திடுதிப்பென்று வந்து நின்றபோதே காரணம் பாதி புரிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இருக்கும் அவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவாள். கூடவே அவள் கணவன் கவின்ராஜும் வந்திருந்தான். மகிழினியோடு கடைக்கு மேல்வீட்டில் இருக்கும் அம்மா முத்துச்செல்வி, அன்று காலையிலேயே தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்திருந்தாள். சொதி என்றால் மகிழினிக்கு உயிர். அம்மாவுக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால்தான் வீட்டில் சொதி கொதிக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தன்ஷிகா பேச வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. கவின்ராஜ்தான் சொன்னான்.

"மைனி, இவளுக்கு எல்லாம் தீந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்க. இனிமே இவ கருமுட்டையில பிள்ளைக்கு வழியில்ல. ஊசி போடாதவங்க யாராவது குடுத்தா, இவளே சுமந்து பெத்துக்கிடலாம். கூடப்பிறந்தவங்கன்னா ரொம்ப நல்லதுன்னு டாக்டர் சொல்லுதாங்க."

மகிழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியாததால் அடுத்த நிமிஷமே பயமாகவும் இருந்தது.

இதே கவின்ராஜ் வீட்டார் தன்ஷிகாவைப் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா அவளைக் கடையிலேயே இருக்கச் சொன்னாள். "அவிய கண்ணுல நீ படாண்டாம்ட்டி. அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கும்னு பேச்சு வரும்." மகிழினியும் இருந்தாள். மேல்வீட்டில் காப்பி டம்ளர்கள் சத்தமிட்டுக்கொண்டிருந்தபோது கீழே அவள் யாரோ ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். அன்று ஒளித்துவைத்த அதே பொருளைத்தான் இன்று கும்பிட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள். இதற்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா?

"டாக்டரைப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசீலி அவள் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்ததும் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டாள். "வந்து பாருங்க, முத்துமாலை மாதிரி இருக்கு." திரையில் சின்னச் சின்னக் கறுப்பு மணிகள் வரிசையாகக் கோத்திருந்தன. மகிழினிக்கு அந்தப் படம் புதிதல்ல. பதினேழு வயதில் வேறொரு டாக்டர் இதையே காட்டி, உச்சுக்கொட்டி, எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இது நல்லதா கெட்டதா டாக்டர்? ஒரு முடிவுக்கு வாங்க" என்று கேட்டாள்.

ஜெபசீலி சிரித்தாள். அவளுக்கு மகிழினியைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும்.

"ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவ கருமுட்டை மொத்தமும் அவகிட்ட இருக்கும். புதுசா உண்டாகாது. நீர்க்கட்டி இருக்கறவங்களுக்கு அதெல்லாம் பாதி வளந்து அப்படியே நின்னுரும். அதைக் கோளாறுன்னு மட்டும்தான் நாங்க பாத்தோம். செலவு மெதுவா ஆகுதுன்னு பாக்கல."

"புரியல."

"உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில குழாய்த் திருகு ரொம்ப இறுக்கமா இருக்குன்னு வைங்க. தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது. எரிச்சலாயிருக்கு. ஊசியால அந்தத் திருகையே கழட்டிட்டோம். ஜோராத் தண்ணி வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். தொட்டி காலியாகும்னு யாரும் நெனைக்கல."

"இவ்வளவு படிச்சவங்க இருந்தும் யோசிக்கலியா?"

"இது இத்தனை ஆயிரம் வருஷமா மனுஷங்கள விட்டுப் போகாம ஏன் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு யாராவது கேட்டிருக்கணும். கேக்கல." ஜெபசீலி திரையை அணைத்தாள். "எனக்கும்தான் ஊசி போட்டாங்க. எனக்கு முப்பத்தஞ்சுல நின்னுபோச்சு."

மூவரும் தென்காசிக்குத் திரும்பி வரும்போது டிரைவர் இல்லாத டாக்சியில் தன்ஷிகா அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இந்தப் பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல முடியாது என்பது மகிழினிக்கு ஆலங்குளம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் சும்மா கொடுக்கவும் மனம் வரவில்லை. அது தங்கை மேல் உள்ள கோபமல்ல.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டாள். "குடுப்பேல்லாட்டி?"

"குடுக்கேன். ஆனா நீ அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல செஞ்சத இவங்க ரெண்டு பேர்கிட்டயும் உன் வாயால சொல்லணும். சொன்னாத்தான் குடுப்பேன்."

முத்துச்செல்வியின் முகம் வெளுத்தது. தன்ஷிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசி வருவதற்கு முன்பே அக்கா வயசுக்கு வந்துவிட்டாள், அதனால்தான் ஊசி தவறிப்போனது என்றுதான் அவள் கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். மகிழினிக்குப் பதினோரு வயதாக இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்தாள். கம்பி குத்திப் பாவாடையில் ரத்தம். நொண்டிக்கொண்டு வந்தவளை முதலில் பார்த்தது அத்தைக்காரி. பார்த்த மாத்திரத்தில் குலவை போட்டுவிட்டாள். அம்மா வந்து என்ன ஏது என்று விசாரிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. மஸ்கட்டிலிருந்த தாய்மாமனுக்குப் போன் போய்விட்டது. தொடையில் காயம் இருப்பதை முத்துச்செல்வி கண்டுபிடித்தபோது மாமன் டிக்கெட் எடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, நாற்கர சாலையில் மகிழினியின் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் நின்றது. இனி எப்படி இல்லை என்று சொல்வது? எப்படியும் இன்னும் சில மாதத்தில் ஆகத்தானே போகிறது என்று முத்துச்செல்வி தன்னையே தேற்றிக்கொண்டாள். மஞ்சள் நீராட்டு தடபுடலாக நடந்தது. மகிழினி பட்டுப்பாவாடை உடுத்தி, வயசுக்கு வராமலேயே வயசுக்கு வந்த பெண்ணாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மாதங்கள் போயின, ஒன்றும் ஆகவில்லை. மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் தளிர் ஊசி வந்தது. தாய்மார்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். வயசுக்கு வராதவர்கள் ஊசி போட இந்தப் பக்கம், வந்தவர்கள் அந்தப் பக்கம் என்று நர்ஸ் பிரித்து நிறுத்தினாள். சுற்றிலும் அந்த மண்டபத்தில் கை நனைத்த பெண்கள். முத்துச்செல்வி மகளின் கையைப் பிடித்தாள். "அம்மா, எனக்கு இன்னும் வரலியே" என்று மகிழினி காதோடு சொன்னாள். அம்மா அவள் கையை நறுக்கென்று கிள்ளி, அந்தப் பக்கம் இழுத்துப் போய் நிறுத்தினாள்.

இதையெல்லாம் முத்துச்செல்வி அன்று சாயங்காலம் மருமகன் முன்னால் சொன்னாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் சொன்னாள். பெண்கள் விஷயம் எதையும் மாப்பிள்ளை காதில் படப் பேசாதவள், பாவாடை ரத்தத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். "ஊர் சிரிக்கும்னு பயந்துதான் செஞ்சேன் மாப்ள. என் பிள்ளைய நானே கெடுத்தேன்" என்று முடித்தாள்.

கவின்ராஜ் நல்லவன். அமைதியைப் பொறுக்க முடியாத வகை நல்லவன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"விடுங்க அத்தை. ஒரு வகையில நல்லதாப் போச்சு. அன்னைக்கு நீங்க அப்படிச் செய்யலன்னா, இன்னைக்கு எங்களுக்கு வழியே இருந்திருக்காதுல்லா?"

முத்துச்செல்வி அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன்ஷிகா புருஷனை முறைத்தாள். மகிழினி எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முப்பது வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகளைக் கேட்டாகிவிட்டது. மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. தன் வாழ்க்கை கெட்டது நல்லதாகப் போயிற்றாமே! அப்படியென்றால் கெட்டதா, கெடவில்லையா? எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சொன்ன வாக்கை அவள் மீறவில்லை. கருமுட்டைகள் முதிர்வதற்காக வயிற்றில் தினமும் ஊசி போட்டுக்கொண்டாள். வயிறு உப்பியது, தலை கிறுகிறுத்தது. கடைக்கு வருகிற பெண்கள் இளநீர் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுப் படியேற மறுத்த கல்யாணத் தரகர் ஒருவர், வயதான காலத்தில் கம்பு ஊன்றிக்கொண்டு வந்து, "ரெண்டாம் தாரமாக் கேட்டா யோசிப்பியாம்மா?" என்றார். மகிழினி அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மூக்கு முடியையும் காது முடியையும் கத்தரித்து அனுப்பினாள்.

கருமுட்டைகள் எதிர்பார்த்ததைவிட நிறையவே கிடைத்தன. சிலவற்றைக் கவின்ராஜின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கினார்கள். மீதியைப் பத்திரமாக உறையவைத்தார்கள். கருவைத் தன்ஷிகாவின் வயிற்றில் வைப்பதற்கு முன்னால் மகிழினியின் மரபணுக்களை ஒருமுறை படித்துப் பார்ப்பது வழக்கமாம். படித்துப் பார்த்துவிட்டு ஜெபசீலி அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"உட்காருங்க. இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்கே குழப்பமா இருக்கு."

"சக்கரை இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. நீர்க்கட்டிக்குக் காரணம்னு நாங்க தேடற மரபணுக் கூட்டம் இருக்கில்லையா, அது உங்ககிட்ட இல்ல."

"இல்லைன்னா?"

"சாதாரணமா எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். உங்ககிட்ட அந்த அளவுகூட இல்ல. உங்க தங்கச்சிகிட்டதான் நிறைய இருக்கு. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தாலும் சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போடற மாதிரிதான். ஒருத்தருக்குப் போறது இன்னொருத்தருக்குப் போகாது."

மகிழினி அறியாமலேயே மோவாயைத் தடவிக்கொண்டாள். காலையில் வழித்தது, அதற்குள் சொரசொரவென்றிருந்தது.

"அப்போ இது என்ன? எனக்கு வந்தது நீர்க்கட்டி இல்லையா?"

"நீர்க்கட்டிதான். சந்தேகமே இல்ல. அது உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியல. நாங்க இன்னும் கண்டுபிடிக்காத வேற மரபணுவா இருக்கலாம். மரபணுவே இல்லாம, வளந்த விதம், சாப்பாடு, தூக்கம், வேற ஏதோ ஒன்னா இருக்கலாம். மரபணு ஒரு பங்குதான். மிச்சப் பங்கு எங்களுக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் சரியாத் தெரியாது."

"அப்போ இத்தனை முட்டை மிச்சம் இருக்கே, அது எதனால?"

"அதுவும் தெரியல."

இந்த டாக்டர்மார்களுக்குத் தெரியல என்று சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்று மகிழினிக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி அவளுக்குள் எழுந்தது. கேட்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"டாக்டர், நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது தளிர் ஊசி போட்டிருந்தா?"

"தூங்கவைக்கிற மருந்துதானே அது. தூங்கவைக்க உங்ககிட்ட ஒன்னும் இல்லையே. போட்டிருந்தாலும் இப்போ எப்படி இருக்கீங்களோ அப்படியேதான் இருந்திருப்பீங்க."

"நல்லாத் தெரியுமா?"

"இது ஒன்னுதான் நல்லாத் தெரியும்."

அறையை விட்டு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் முகம் பார்த்த ஒவ்வொரு நாளும், பெண் பார்க்க வந்தவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்த ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கிள்ளு. அது மட்டும் இல்லாதிருந்தால் என்று நினைத்து நினைத்து, நடக்காத ஒரு வாழ்க்கையை அவள் கூடவே வைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குப் பளிங்கு முகம், நல்ல கணவன், எல்லாம் இருந்தது. அந்த வாழ்க்கை எந்த வழியிலும் கிடைத்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. அம்மாவை மருமகன் முன்னால் நிற்கவைத்துத் தோலை உரித்தாயிற்று. அது எதற்காக?

ஜெபசீலி அடுத்து தன்ஷிகாவையும் கவின்ராஜையும் கூப்பிட்டு விவரம் சொன்னாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு நீர்க்கட்டி வரலாம், வராமலும் போகலாம். பெண்ணாக இருந்தால் முப்பது வயதில் கருமுட்டை தீர்ந்துபோகலாம், போகாமலும் இருக்கலாம். எந்தப் பக்கமும் உறுதி சொல்ல முடியாது என்றாள். கவின்ராஜ் நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் எந்த எண்ணும் சொல்லவில்லை.

தன்ஷிகா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீ சொல்லு. வைக்கட்டுமா, வேண்டாமா?"

"எனக்கு ஒன்னும் தெரியலட்டி. என்னையே எனக்குத் தெரியலன்னு ஆயிப்போச்சு."

தன்ஷிகா உள்ளே திரும்பி, "வைங்க டாக்டர். எதுவும் தெரியாமத்தானே எல்லாரும் பெத்தாங்க" என்றாள்.

மகிழினி தென்காசி வந்து சேர்ந்தபோது சாரல் பிடித்திருந்தது. கடையில் அம்மா மட்டும் இருந்தாள். துவைத்துக் காய்ந்த துண்டுகளை நாற்காலியில் குவித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அன்று எல்லாவற்றையும் சொன்னதிலிருந்து அவள் மகளிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. சாப்பிடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் தன் பக்கம் ஒன்றுமே மிஞ்சாது. ஆனால் அம்மா துண்டை மடிக்கிற விதத்தைப் பார்த்தால், தண்டனைக்குள்ளே இருக்கிற ஆள் வேலை செய்கிற மாதிரி இருந்தது. மகிழினிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, அந்த ஊசி போட்டிருந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆயிருக்குமாம்."

முத்துச்செல்வியின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"டாக்டர். என்கிட்ட அந்த மரபணுவே இல்லியாம். எனக்கு எதனால வந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியலியாம்."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன். அதனால உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நாந்தான்…" அதற்கு மேல் வரவில்லை. அடுத்தவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை, தன் வாயிலிருந்து வர இவ்வளவு கஷ்டப்படும் என்று அவள் நினைத்ததில்லை. "நாந்தான் உன்ன மாப்ள முன்னால நிக்க வச்சுட்டேன். மன்னிச்சிரும்மா."

அம்மா அழுவாள், அல்லது அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். முத்துச்செல்வி இரண்டும் செய்யவில்லை.

"அது எப்படிட்டி தப்பில்லாம போவும்?" என்றாள். "ஊசியால உனக்குப் பலன் கிடையாதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியுமா? நல்லதுன்னுதான நெனச்சேன். நல்லதுன்னு தெரிஞ்சும் உன்ன அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனேன். டாக்டர் இப்ப வந்து என்ன சொன்னாலும் நான் செஞ்சது செஞ்சதுதான்."

தப்பே இல்லை என்று மகள் சொல்கிறாள், தப்புதான் என்று அம்மா சொல்கிறாள். இவ்வளவு நாளும் இதற்கு நேர்மாறாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! கோபம் வருகிறதா என்று மகிழினி உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. அது இல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்றுகூடத் தெரியாமல், ஒரு துண்டை எடுத்து அவளும் மடிக்க ஆரம்பித்தாள்.

"தன்சி என்ன சொன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"வைக்கச் சொல்லிட்டா."

"நல்லது." முத்துச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். "மிச்சத்தப் பத்திரமா எடுத்து வச்சிருக்கோம்னு அந்த டாக்டரம்மா சொன்னாவளே."

"ஆமா. யாருக்குக் கேக்க?"

"உனக்குத்தான். உனக்கு ஒரு பிள்ளை வேணுமாட்டி?"

மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கிண்டல் செய்யவில்லை. உனக்குப் பிறக்காது என்று அவளிடம் சொன்னவர்கள் உண்டு, எங்களுக்குக் கொடு என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவளே தன்னிடம் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பல வருஷமாகத் தயாராக இருந்த பதில் அது. இப்போது வரவில்லை. வேண்டும் என்றும் வரவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "யாரும் என்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்ல."

"நானுந்தான் கேக்கல" என்றாள் முத்துச்செல்வி. "அதான் இப்போ கேக்கேன். மெதுவாச் சொல்லு."